சுடர்க்கொடி வரவில்லை

பத்தேகால் மணிக்கு வெயில் சாப்பாட்டு மேசையின் பாதியைத் தாண்டிவிடும், பத்தரைக்கு மடிக்கணினியின் விளிம்பைத் தொட்டுவிடும், அதற்குமேல் திரையில் எழுத்துத் தெரியாது, தன் முகம்தான் தெரியும், அதற்குள் உருப்படியாக ஒன்றையாவது கண்டுபிடித்துவிட வேண்டும் என்று கோகிலவாணி நினைத்தாள். நினைத்தாளே தவிர விரல் நகரவில்லை. தேடுகிற கட்டத்துக்குள் அந்தச் சின்னக் கோடு நின்று நின்று மின்னியது, யாரோ வாசலில் நின்றுகொண்டு உள்ளே வரலாமா வேண்டாமா என்று எட்டி எட்டிப் பார்ப்பதுபோல. வீட்டில் படிக்கும் பிள்ளைகளுக்கு மூன்றாம் வகுப்புத் தமிழ், என்று அடித்தாள். ஏற்கெனவே பார்த்த பக்கங்கள் ஊதா நிறத்தில் வரிசையாக வந்து நின்றன. இதைப் பார்த்தாகிவிட்டது, இதையும், இதையும். ஒரு வருஷமாகப் பார்த்துக்கொண்டிருக்கிறாள். நோட்டுப் புத்தகம் ஒன்று போட்டு எல்லாவற்றையும் எழுதி வைத்திருக்கிறாள்: பின்னத்துக்கு எது நன்றாக இருக்கிறது, அச்செடுத்துக்கொள்ளும் தாள்கள் எதில் கிடைக்கும், எதில் விளம்பரம் குறைவு, எதில் ஒரு வாரம் சிரித்துப் பேசிவிட்டு எட்டாம் நாள் காசு கேட்டுக் கதவைச் சாத்துவார்கள். நூற்றுப்பதினான்கு தளங்கள். அந்த நோட்டைக் காட்டினால் கணவன் தங்கவடிவேலுக்குப் புரிந்துவிடும் என்று நேற்றுவரை நம்பிக்கொண்டிருந்தாள். காலையில் இட்லித் தட்டை ஒதுக்கி வைத்துவிட்டு அவனும் புரட்டிப் பார்த்தான், பாவம், ஒவ்வொரு பக்கமாக. பம்ப் கம்பெனியில் விற்பனை பார்க்கிறவன். கையெழுத்து நன்றாக இருந்தால் மரியாதை கொடுப்பான். “இத்தனையும் நீதான் படிச்சிருக்கற கோகி. புள்ள என்ன படிச்சுது?” என்றான். கோபமாகச் சொல்லவில்லை. கோபமாகச் சொல்லியிருந்தால் அழுதுவிட்டு மறந்திருப்பாள். “பன்னெண்டு மணிக்கு அந்த ஸ்கூலுக்குப் போறேன். நாலாங்கிளாஸ்ல ஒரே ஒரு எடந்தான் இருக்குதாமா. அங்கிருந்து போன் பண்ணுவேன். வேணும்னா வேணும்னு சொல்லு, வேண்டாம்னா வேண்டாம்னு சொல்லு. பாக்கலாங்கன்னு மட்டும் சொல்லீராத.” அவள் வாயில் அப்போது வந்தது அந்த வார்த்தைதான். “பாக்கலாங்க” என்றாள். அவன் செருப்பை மாட்டிக்கொண்டே சிரித்தான். படுக்கையறைக் கதவு ஒருக்களித்திருந்தது. உள்ளே மகள் சம்யுக்தா எழுந்து உட்கார்ந்திருந்தாளா, தூங்கிக்கொண்டிருந்தாளா தெரியவில்லை. ஒரு சத்தமும் இல்லை. இந்த வீட்டில் அவள் சத்தம் எப்போது குறைந்தது என்று கோகிலவாணியால் நாள் குறித்துச் சொல்ல முடியாது, குழாயில் தண்ணீர் குறைவது மாதிரி அது குறைந்திருந்தது.

புதிதாக ஒன்று கிடைத்தது. திறந்தாள். ஒரு குரல் ஆத்திசூடி சொல்ல ஆரம்பித்தது. நல்ல குரல், பிசிறில்லாத குரல், ஆனால் நாலாவது வரியில் அவளுக்குக் கழுத்துக்குப் பின்னால் குளிர்ந்தது. அது மூச்சு விடவில்லை. ஒரு வரிக்கும் அடுத்த வரிக்கும் நடுவே ஒரு மனுஷிக்கு ஆகிற நேரம் அதற்கு ஆகவில்லை. மூடினாள். அடுத்ததில் ஒரு தாயும் பிள்ளையும் புத்தகத்தைப் பார்த்துச் சிரிக்கிற படம். உங்கள் குழந்தை பின்தங்குகிறதா, என்று கேட்டிருந்தது. நேற்று ரசப்பொடிக்கு அளவு பார்த்தபோதும் இதே படம் வந்தது, அவளைப் பின்தொடர்ந்து சமையல் பக்கம்வரை வந்து, உங்கள் குழந்தை பின்தங்குகிறதா, உங்கள் குழந்தை பின்தங்குகிறதா. அந்தப் பிள்ளையின் வலது கையில் ஆறு விரல் இருந்ததை இப்போதுதான் கவனித்தாள். எண்ணினாள். திரும்ப எண்ணினாள். யந்திரம் வரைந்த படம், அதற்கு விரல் கணக்குத் தெரியாது, அவ்வளவுதான். ஆனாலும் அந்தத் தாய்க்காவது தெரிய வேண்டாமா, இப்படிச் சிரித்துக்கொண்டு நிற்கிறாளே. அதையும் மூடினாள். வேறொரு பக்கத்தில் பாடமெல்லாம் சரியாக இருந்தது, கடைசியாகச் சேர்த்த தேதிக்கு ஐந்து வருஷம் ஆகியிருந்தது. கீழே தாய்மார்கள் எழுதியிருந்தார்கள். என் மகளுக்குக் கழித்தலில் கடன் வாங்குவது புரியவே மாட்டேன் என்கிறது, யாராவது சொல்லுங்களேன். பதில் இல்லை. அதற்குக் கீழே அதே அம்மா, ஒரு மாதம் கழித்து, யாராவது இருக்கிறீர்களா. அதற்கும் பதில் இல்லை. கோகிலவாணிக்குப் பதில் தெரியும். பத்துப் பத்தாகக் கட்டிய தீக்குச்சிகளை வைத்துச் சொல்லிக்கொடுக்கலாம். எழுதலாம் என்று கையை வைத்தாள். ஐந்து வருஷம். அந்தப் பெண் இப்போது உயரமாகியிருப்பாள், கழித்தல் புரிந்திருக்கும் அல்லது புரியாமலேயே போயிருக்கும். இப்போது பதில் போட்டால் அது யாருடைய வீட்டில் போய் விழும்? கையை எடுத்துக்கொண்டாள். இந்த மாதிரிப் பக்கங்கள் எத்தனை திறந்து கிடக்கின்றன, விளக்கெல்லாம் எரிய, உள்ளே ஆளில்லாமல். நான் அந்தத் தெருவில்தான் ஒரு வருஷமாக நடந்துகொண்டிருக்கிறேன், என்று நினைத்தாள். கையில் பிள்ளையைப் பிடித்துக்கொண்டு. கையில் பிள்ளை இருக்கிறதா என்று பார்க்காமல்.

குக்கர் கத்தியது. எழுந்து போய் அடுப்பைச் சின்னதாக்கிவிட்டு வந்தாள். பருப்புத் தண்ணீர் மேடையில் வழிந்திருந்தது, துடைக்க வேண்டும், அப்புறம் துடைத்துக்கொள்ளலாம். பள்ளிக்கூடத்தைவிட்டு ஏன் நிறுத்தினீங்க என்று கேட்டவர்களுக்கெல்லாம் அவள் ஒவ்வொரு காரணம் சொல்லியிருக்கிறாள், மூட்டை மாதிரிப் பை, மனப்பாடம், வேன் புகை. நடந்தது சின்ன விஷயம். இரண்டாம் வகுப்பில், ஆண்டு விழா ஒத்திகைக்கு எல்லாப் பிள்ளைகளையும் மைதானத்துக்கு அழைத்துப் போனார்கள். சம்யு குனிந்து ஷூ லேஸ் கட்டிக்கொண்டிருந்தாள். கதவை வெளியே பூட்டிவிட்டார்கள். ஐம்பது நிமிஷம் கழித்துப் பெருக்க வந்த ஆயாதான் பார்த்திருக்கிறாள், கடைசி பெஞ்சில் கையைக் கட்டிக்கொண்டு ஒரு பிள்ளை. அழவில்லை. பாவாடையை நனைத்திருந்தாள், அவ்வளவுதான். “ஏங்கண்ணு கத்தல? சன்னல்ல வந்து கூப்புட்டிருக்கலாமல்ல?” என்று கோகிலவாணி கேட்டபோது பிள்ளை யோசித்துத்தான் சொன்னாள். “எல்லாரும் வந்தாச்சான்னு வெளிய மிஸ் கேட்டாங்க. எல்லாரும் வந்தாச்சுன்னு சொன்னாங்க. அப்பறம் நான் எப்படிம்மா கத்தறது?” அந்த வார்த்தையை அவள் வடிவேலிடம் சொல்லவில்லை. சொன்னால் அவன் பள்ளியைத் திட்டியிருப்பான். அவளுக்குப் பயம் பள்ளியைப் பற்றி இல்லை. அந்த நியாயம் அவளுக்கு நன்றாகப் புரிந்தது, அதுதான் பயம். கல்லூரியில் இரண்டாம் வருஷம், பக்கத்தில் உட்கார்கிற அனுராதா சினிமாவுக்குப் போகிற அன்றைக்கு “எனக்கு நீ ப்ராக்ஸி குடுத்துரு புள்ள” என்று தோளில் தட்டிவிட்டுப் போனாள். மாட்டேன் என்று சொல்ல வாய் வராமல் இவளும் உட்கார்ந்திருந்தாள். அனுராதா, என்றார்கள். பிரசன்ட் மேம், என்றாள் கோகிலவாணி, குனிந்து, கணீரென்று, அப்படியொரு குரல் தனக்குள் இருந்ததே அவளுக்குத் தெரியாது. அது முடிந்து தன் பேர் வந்தபோது, அதே குரலில் சொன்னால் கண்டுபிடித்துவிடுவார்கள் என்று பட்டது. வேறு குரல் இல்லை. வாயைத் திறந்து திறந்து மூடினாள். கோகிலவாணி, என்றார்கள் மறுபடியும். மூன்றாவது வரிசையில், மின்விசிறிக்கு நேர் கீழே, பச்சைத் தாவணியோடு உட்கார்ந்திருந்தாள். ஆப்சென்ட், என்று எழுதிக்கொண்டு போய்விட்டார்கள். அன்றைக்குச் சாயங்காலம் பேருந்தில் கண்டக்டர் அவளிடம் மட்டும் டிக்கெட் கேட்கவில்லை. முன்னால் இருந்தவளிடம் கேட்டான், பின்னால் இருந்தவளிடம் கேட்டான். காசை நீட்டிக்கொண்டே வீடுவரை வந்து சேர்ந்தாள். அம்மா கதவைத் திறந்து ஏதாவது சொல்கிறவரை வீட்டு வாசலில் நெஞ்சு அடித்துக்கொண்டே இருந்தது. இதை யாரிடம் சொல்ல. குயில்போலப் பேசுகிறவள் என்று பேர் வைத்துவிட்டார்கள்.

பத்தரை. வெயில் கணினியைத் தொட்டது. உள்ளே படுக்கையறையில் சம்யு பழைய கைப்பேசியை எடுத்து வைக்கிற சத்தம், நாற்காலியை இழுக்கிற சத்தம். ஒலிப்பாடம் ஆரம்பிக்கிற நேரம். அந்தப் பக்கத்தை இரண்டு மாதத்துக்கு முன்னால் இவள்தான் கண்டுபிடித்தாள், நூற்றுப்பதினான்கில் அது எழுபத்தொன்பதாவது, பக்கத்தில் இரண்டு நட்சத்திரம் போட்டு வைத்திருந்தாள். படம் இல்லை, விளம்பரம் இல்லை, டீச்சர் பேர்கூட இல்லை. வெள்ளைப் பக்கத்தில் ஒன்றிலிருந்து நாற்பத்தொன்றுவரை எண்கள், தொட்டால் பாடம். மேலே ஒரே ஒரு வரி: வர முடியாத பிள்ளைக்காக. எங்கேயோ ஓர் ஊர்ப் பள்ளியில் ஒரு டீச்சர் கைப்பேசியை மேசைமேல் வைத்து வகுப்பை அப்படியே பதிவுசெய்து போட்டிருக்கிறாள். பெஞ்சு இழுபடும், காக்கை கத்தும், யாரோ சிலேட்டைக் கீழே போடுவார்கள், டீச்சர் “ஏய், அதென்ன தாளமா?” என்பாள், பிள்ளைகள் சிரிக்கும். மூச்சு விடுகிற குரல். கோகிலவாணிக்கு அந்தக் குரலைக் கேட்டதும் கண் கலங்கிவிட்டது. ஒவ்வொரு பாடமும் வருகைப் பதிவோடுதான் ஆரம்பிக்கும், டீச்சர் அதை வெட்டி எடுக்கவில்லை. அபிநயா. உள்ளேன் டீச்சர். இன்பராசு. உள்ளேன் டீச்சர். ஒவ்வொன்றும் ஒவ்வொரு குரல், ஒன்று மூக்கடைத்த குரல், ஒன்று ஓடிவந்து மூச்சிரைக்கிற குரல். சங்கவி. உள்ளேன் டீச்சர். சத்தியா. உள்ளேன் டீச்சர். சுடர்க்கொடி. அங்கே ஒன்றும் வராது. மின்விசிறி டக் டக் என்று அடிக்கும். டீச்சர் காத்திருப்பாள். பிறகு, தமிழரசி, என்று மேலே போவாள். முதல் பாடத்திலும் அப்படித்தான், இரண்டாவதிலும் அப்படித்தான். சுடர்க்கொடி என்று ஒரு பிள்ளை வருவதே இல்லை, ஆனாலும் டீச்சர் கூப்பிடுவதை நிறுத்துவதில்லை. அந்த வரியில் பிள்ளைகளுக்காக என்று இல்லை, பிள்ளைக்காக என்று இருந்ததைக் கோகிலவாணி வெகுநாள் கழித்துத்தான் கவனித்தாள். அப்படியானால் நாற்பத்தொரு பாடமும் அந்த ஒருத்திக்காகத்தான். எங்கேயோ கட்டிலில் படுத்துக்கொண்டு காதில் வைத்துக் கேட்பாள் என்று. ஒருநாள் நறுக்கிய கொய்யாவைத் தட்டில் எடுத்துக்கொண்டு போனபோது, சம்யு முதுகை நிமிர்த்திக் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். சுடர்க்கொடி, என்றது கைப்பேசி. “உள்ளேன் டீச்சர்” என்றாள் சம்யு. கணீரென்று. அந்தப் பிள்ளைக்குள் அப்படியொரு குரல் இருந்தது பெற்றவளுக்கே தெரியாது. தமிழரசி, என்று டீச்சர் மேலே போனாள், பதில் கிடைத்துவிட்டதுபோல.

விளையாட்டுதான் என்று நினைத்தாள். விளையாட்டுதான் என்று நினைக்க இரண்டு வாரம் முடிந்தது. அதற்கப்புறம் சம்யு என்று கூப்பிட்டால் பிள்ளை சட்டென்று திரும்புவதில்லை, இரண்டாவது தரம், மூன்றாவது தரம் கூப்பிட வேண்டியிருந்தது, அதுவும் தூக்கத்திலிருந்து எழுந்தவள் மாதிரி. போன வெள்ளிக்கிழமை மத்தியானம் கோகிலவாணி ஒரு காரியம் செய்தாள். ஏன் செய்தாள் என்று இப்போதும் தெரியாது. சம்யு கூடத்தில் தரையில் படுத்து வண்ணம் தீட்டிக்கொண்டிருந்தாள். இவள் அடுக்களையில் நின்றபடி, முருங்கைக்கீரை உருவிக்கொண்டு, உதடு மட்டும் அசைகிற அளவுக்குச் சுடர்க்கொடி என்றாள். அது தனக்கே சரியாகக் கேட்கவில்லை. “என்னம்மா?” என்றாள் சம்யு. கைவேலையை நிறுத்தாமல், தலையைத் திருப்பி, சாதாரணமாக. ஒண்ணுமில்ல கண்ணு, என்று சொல்லிவிட்டுக் கீரையை உருவினாள், காம்பும் கீரையும் கலந்து போய்விட்டது, அன்றைக்குப் பொரியலில் வடிவேல் குச்சி குச்சியாக எடுத்து ஓரத்தில் வைத்தான். அதையும் அவனிடம் சொல்லவில்லை. அதற்குப் பதிலாக, சம்யு குளிக்கப் போன நேரத்தில் காதில் மாட்டிக்கொண்டு அந்த இடத்தை மட்டும் கேட்க ஆரம்பித்தாள். சுவர்க் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு. முதல் பாடத்தில் டீச்சர் சுடர்க்கொடிக்காகக் காத்திருந்தது மூன்று வினாடி. பத்தாவதில் நான்கு. இருபதாவதில் ஆறு. முப்பத்தாறாவதில் ஒன்பது வினாடி, அதற்குள் ஒரு பிள்ளை இருமுகிறது, இன்னொரு பிள்ளை ஏதோ சொல்ல வாயெடுக்கிறது, உஷ் என்கிறாள் டீச்சர். நாற்பதாவதில் பதினொன்று. பதினொரு வினாடி என்பது எவ்வளவு நேரம் என்று எண்ணிப் பார்த்தவர்களுக்குத்தான் தெரியும். அந்த நேரத்துக்குள் ஒருவர் எழுந்து போய்க் கதவைத் திறந்து பார்த்துவிட்டு வந்து உட்காரலாம். டீச்சர் அப்படித்தான் செய்தாளோ என்னவோ, செருப்புச் சத்தம் மாதிரி ஒன்று அதில் இருந்தது.

இதை யாரிடமாவது கேட்க வேண்டும். வீட்டிலேயே பிள்ளைகளைப் படிக்க வைக்கிற அம்மாக்களுக்கென்று வாட்ஸப்பில் ஒரு குழு இருந்தது, இருநூற்றுச் சொச்சம் பேர், கோகிலவாணி சேர்ந்த நாளிலிருந்து அதில் ஒரு வணக்கம்கூடப் போட்டதில்லை, மற்றவர்கள் போடுவதைப் படிப்பதோடு சரி. நேற்றுச் சாயங்காலம் எழுதி, அழித்து, எழுதி, கண்ணை மூடிக்கொண்டு அனுப்பிவிட்டாள். அந்த ஒலிப்பாடப் பக்கத்தை யார் நடத்துகிறார்கள் என்று யாருக்காவது தெரியுமா? அதில் ஒரு பிள்ளையின் பேருக்கு மட்டும் பதில் வருவதில்லையே? இப்போது பார்த்தால் ஒன்பது பதில் வந்திருந்தது. நடத்துகிறவர் யாரென்று ஒருவருக்கும் தெரியவில்லை. ஓசூரிலிருந்து மெர்சி என்கிற அம்மா குரல்பதிவு போட்டிருந்தாள், பின்னால் மிக்ஸி ஓடுகிற சத்தத்தோடு. “அய்யோ, அதை ஏன் கேக்கறீங்க சிஸ்டர், எங்க வீட்டு வாலு தினமும் அந்தப் பேருக்கு உள்ளேன் டீச்சர்னு கத்துது. டேய், அது பொம்பளப்புள்ள பேருடான்னேன். பரவால்லம்மா, யாருமே எடுத்துக்கலல்லங்குது.” சிரித்துக்கொண்டேதான் சொன்னாள். ஷார்ஜாவிலிருந்து ஃபர்ஹானா என்று ஒருத்தி எழுதியிருந்தாள், எங்க வீட்டிலும்தான், நான் சொல்லிக் கொடுக்கவே இல்லை. அதற்குக் கீழே ஒருத்தி, எங்க வீட்டிலும். அதற்குக் கீழே, இங்கேயும், இரண்டு பேரும் சண்டை போட்டுக்கொண்டு சொல்கிறார்கள். அதற்குக் கீழே பேரில்லாத ஓர் எண், எங்க வீட்டிலும் என்று மட்டும். கோகிலவாணி கைப்பேசியை மேசையில் குப்புற வைத்தாள். ஒவ்வொரு வீடாக அவளுக்குத் தெரிந்தது. மூன்றாவது மாடி, ஏழாவது மாடி, துணி காய்கிற பால்கனி, சாத்தின அறை, அறைக்குள் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கிற ஒரு பிள்ளை. ஒருத்தி காலி செய்த அந்தச் சின்ன இடத்துக்குள் எத்தனை பேர் நெருக்கியடித்துக்கொண்டு நிற்கிறார்கள், ஒருவர் நிற்பது இன்னொருவருக்குத் தெரியாமல்.

சுவருக்கு அந்தப் பக்கம் பாடம் தொடங்கிவிட்டிருந்தது. நாற்பத்தொன்று, கடைசி. அபிநயா. உள்ளேன் டீச்சர். இன்று பிள்ளைகளின் குரல் எல்லாமே தாழ்ந்திருந்தது, அல்லது அவளுக்கு அப்படிக் கேட்டது. காக்கை இல்லை. இன்பராசு. உள்ளேன் டீச்சர். கோகிலவாணி தான் எழுந்து நிற்பதைக் கவனித்தாள். எப்போது எழுந்தாள்? பருப்புத் தண்ணீரைத் துடைக்கத்தான் எழுந்திருக்க வேண்டும், கையில் துடைத்து நனைந்த துணிகூட இருந்தது. இன்றைக்கு எத்தனை வினாடி என்று எண்ணத் தயாராகிக்கொண்டாள், பன்னிரண்டு, பதினைந்து, எவ்வளவு வேண்டுமானாலும் இருக்கலாம், முடியாமலே போகலாம். சங்கவி. உள்ளேன் டீச்சர். சத்தியா. உள்ளேன் டீச்சர். தமிழரசி. உள்ளேன் டீச்சர். வினோதினி. உள்ளேன் டீச்சர். அவள் எண்ணவே ஆரம்பிக்கவில்லை. ஒன்று என்று சொல்லக்கூட இடமில்லாமல் டீச்சர் தாண்டிப் போய்விட்டாள். குரல் தடுக்கவில்லை, அதுதான், ஒரு கல் தடுக்கினமாதிரிகூட இல்லை; நாற்பது நாள் வாய் பழகிய இடத்தைத் தாண்டுவதற்கு வீட்டில் எத்தனை தரம் சொல்லிச் சொல்லிப் பார்த்துவிட்டு வந்திருப்பாள். அப்படியானால் அந்தப் பிள்ளை. கோகிலவாணி அந்த நினைப்பை முடிக்காமல் துணியை இறுக்கினாள், பருப்புத் தண்ணீர் முழங்கைவரை ஓடியது. வேறு ஊர் போயிருக்கலாம். வேறு பள்ளியில் சேர்ந்திருக்கலாம். நல்லபடியாக எங்கேயாவது. உள்ளே டீச்சர் பாடத்தை ஆரம்பித்துவிட்டாள், புத்தகத்தை எடுங்க, கடைசிப் பக்கம், என்றாள். பிள்ளைகள் பக்கம் புரட்டுகிற சத்தம் வந்தது. சம்யுவின் அறையிலிருந்து ஒரு சத்தமும் வரவில்லை. பன்னிரண்டு மணியை ஒட்டிப் பாடம் முடிகிறவரைக்கும் வரவில்லை. முடிந்து, கரகரவென்று ஒன்று கேட்டு, அதுவும் நின்று, வீடு முழுக்க மின்விசிறி மட்டும் சுற்றியது. கதவு திறந்தது. சம்யு அறை வாசலில் நின்றாள். தலையை இரட்டைப் பின்னல் போட்டு, ரிப்பன் கட்டி. அவளாகவே கட்டிக்கொண்டிருந்தாள். தினமும் கட்டிக்கொண்டு அவிழ்த்துவிடுவாளோ? ஒரு வருஷம் ஒரே வீட்டுக்குள் இருந்து இதை எப்படிப் பார்க்காமல் போனேன்?

“அம்மா, எம் பேர அடிச்சுட்டாங்க” என்றாள்.

பேரை அடிப்பது. அந்த வார்த்தை பிள்ளைக்கு எங்கிருந்து கிடைத்தது என்று ஒரு கணம் திகைத்து, பிறகு தெரிந்தது. போன வருஷம் மாற்றுச் சான்றிதழ் வாங்கின அன்றைக்கு, இதே கூடத்தில் நின்று, இவள்தான் வடிவேலிடம் போனில் சொன்னாள், ஆச்சுங்க, வாங்கீட்டேன், ரிஜிஸ்டர்ல பேர அடிச்சுட்டாங்க. பிள்ளை காலடியில் உட்கார்ந்து ஷூவைக் கழற்றிக்கொண்டிருந்தாள்.

“அது உம் பேரு இல்ல கண்ணு.”

“தெரியும்மா. ஆனா அது சும்மாதான இருந்துச்சு.”

“உம் பேரு சம்யுக்தா.”

“அத நீங்க ரெண்டு பேருதான கூப்புடறீங்க.” அழவில்லை. கணக்கில் தப்பு எங்கே என்று காட்டுகிறவள் மாதிரிச் சொன்னாள். “நான் இருந்தா அங்கதான் வருவேன். சத்தியாவுக்கு அப்பறம், தமிழரசிக்கு முன்னாடி. டீச்சர் நிறுத்துவாங்க. நான் சொல்லுவேன். அப்பறம் மேல போவாங்க. இன்னிக்கு நிறுத்தல.” கொஞ்சம் யோசித்துவிட்டு, “நான் ஏதாச்சும் தப்பாச் சொல்லீட்டனாம்மா?” என்றாள்.

கோகிலவாணி அவள் முன்னால் மண்டிபோட்டு உட்கார்ந்தாள். ஈரத்துணி மடியில். இல்லை கண்ணு, நீ தப்பாகச் சொல்லவில்லை, அது பழைய பதிவு, அவர்களுக்கு நீ சொன்னது கேட்காது, இத்தனை நாள் ஒரு சொல்கூடக் கேட்கவில்லை. இப்படிச் சொல்லலாம். சொன்னால் இந்தப் பிள்ளையிடம் என்ன மிச்சமிருக்கும்? சொல்லாவிட்டால் என்ன மிச்சமிருக்கும்? ரிப்பன் முடிச்சு ஒரு பக்கம் ஏறி, ஒரு பக்கம் இறங்கியிருந்தது. அதைச் சரி செய்யப் போனாள். முடிச்சு அவிழ்ந்தே போய்விட்டது. நூற்றுப்பதினான்கு கதவைத் தட்டி, பூட்டின வகுப்புக்குள் இவளை நானே கொண்டுவந்து உட்கார வைத்திருக்கிறேன். ஐம்பது நிமிஷம் இல்லை. ஒரு வருஷம். ஆயாவும் வரவில்லை.

கைப்பேசி மேசைமேல் குப்புறக் கிடந்தபடி நடுங்கி நகர்ந்தது. பன்னிரண்டாகி ஐந்து நிமிஷம். வடிவேல்.

“கோகி, ஸ்கூல்லதான் நிக்கறேன். எனக்கப்பறம் இன்னும் ரெண்டு பேரு உக்காந்திருக்காங்க. என்ன பண்ணட்டும்?” அவள் பேசுவதற்குள் அவன் பக்கத்தில் ஒரு பெண் குரல், ஏனுங்க, பாப்பா இருந்தா குடுங்களே, ரெண்டு வார்த்தை பேசிப்போட்டு எழுதிக்கறேன். “ஆபீஸ் மேடம் சம்யுகிட்டப் பேசணுங்கறாங்க. ஸ்பீக்கர்ல போடு” என்றான் வடிவேல். கோகிலவாணி போட்டு, பிள்ளையின் கையில் கொடுத்தாள். சம்யு அதை இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டாள்.

“ஏஞ்சாமி, எங்க ஸ்கூலுக்கு வர்றீங்களா? பேரு சொல்லுங்க பாக்கலாம், அத்தை எழுதிக்கறேன்.”

சம்யு வாயைத் திறந்தாள். மூடினாள். அவள் தொண்டை ஏறி இறங்குவதைக் கோகிலவாணி பார்த்தாள், தன் தொண்டையே வெளியே போய் நின்று அசைவதைப் பார்க்கிறதுபோல. பிறகு பிள்ளை, மிகவும் மரியாதையாக, கேட்டாள்.

“உங்க நாலாங்கிளாஸ்ல வராத புள்ள யாராச்சும் இருக்குதுங்களா?”

அந்தப் பக்கம் சிரிப்பு. வெகுளியான, நல்ல சிரிப்பு. “அட, என்னங்கண்ணு இப்படிக் கேட்டுப்போட்டீங்க! எங்க ஸ்கூல்ல அப்படி யாருமே கெடையாது. மழை பேஞ்சாலும் அத்தன பேரும் டாண்ணு வந்துருவாங்க.”

“செரிங்க” என்றாள் சம்யு. கைப்பேசியை அம்மாவிடம் நீட்டினாள். முகத்தில் ஏமாற்றம்கூட இல்லை, எதிர்பார்த்ததுதான் என்பது மாதிரி. “அங்க எடம் இல்லையாமா” என்றாள்.

வடிவேல் கூப்பிட்டுக்கொண்டிருந்தான். “கோகி? லைன்ல இருக்கறயா? மேடம் சிரிக்கறாங்க, என்ன கேட்டா இவ? சொல்லு கோகி, வேணுமா வேண்டாமா?” வெயில் மேசையைவிட்டு இறங்கித் தரைக்கு வந்திருந்தது. கோகிலவாணிக்குத் தன் வாய்க்குள் பழைய வார்த்தை திரண்டு வருவது தெரிந்தது. அதை விழுங்கினாள். கரகரத்து, தடித்து, அவள் குரல்தானா என்று அவளுக்கே சந்தேகம் வருகிறமாதிரி ஒன்று வந்தது. “சேத்துருங்க” என்றாள். அவன் கேட்டிருக்க மாட்டான் என்று நினைத்து, இன்னும் பலமாக, பக்கத்து வீட்டுக்குக் கேட்கும்படி, “பேரு சம்யுக்தா. த. சம்யுக்தா. எழுதச் சொல்லுங்க. நீங்க எழுதறதப் பாத்துட்டு வாங்க” என்றாள். வைத்துவிட்டாள். மறுபடியும் மண்டிபோட்டாள். பிள்ளையின் தோளை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள். தோள் இருந்தது. சூடாக, எலும்பும் சதையுமாக, இரண்டும் இருந்தன.

“எடம் இருக்குது கண்ணு. உனக்குன்னே ஒரு எடம் இருக்குது. அப்பா எழுதிட்டாங்க. வா, மூஞ்சி கழுவிக்கலாம்.”

சம்யு நகரவில்லை. அம்மாவின் முகத்தையே பார்த்தாள், கண் மெள்ள மெள்ள விரிந்தது. சுவருக்கு அந்தப் பக்கம் யாருக்கோ கேட்டுவிடக் கூடாது என்பதுபோல, அவள் காதோரம் குனிந்தாள்.

“அப்போ, அங்க யாரும்மா வரல?”